அந்த முதல் அரை மணி நேரம்

உணவிலுள்ள ஏதோ ஒரு புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் பகையென்று கொண்டு தாக்குவதே உணவு ஒவ்வாமை. பால் குடித்தால் வயிறு உப்புவது பெரும்பாலும் செரிமானக் கோளாறு, அது வேறு. ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பலருக்குத் தடிப்பும் அரிப்புமாக முடிந்துவிடும். சிலருக்கோ மூச்சுக்குழாய் சுருங்கி, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். இந்தத் தீவிர நிலைக்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். இதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலர் சார்ல் ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார்.

நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை, மீன், இறால், எள், கோதுமை, சோயா ஆகியவையே பெரும்பாலும் சிக்கல் தருபவை. ரத்தப் பரிசோதனையிலோ தோலில் குத்திப் பார்க்கும் சோதனையிலோ 'பாசிட்டிவ்' என்று வந்தால் மட்டும் போதாது. அந்த உணவைத் தின்றபோது என்ன நடந்தது என்பதையும் கேட்டுத்தான் மருத்துவர் முடிவுசெய்வார். அறிக்கையை மட்டும் நம்பிப் பத்து உணவுகளை நிறுத்தினால் குழந்தை மெலிவதுதான் மிச்சம்.

வீட்டுச் சமையலைக் கட்டுக்குள் வைப்பது எளிது. வெளியில்தான் தொல்லை. ஓட்டல் சட்னியில் தேங்காயோடு வேர்க்கடலையும் சேர்வதுண்டு. குருமாவைக் கெட்டியாக்குவது முந்திரி விழுது. இட்லிப் பொடியில் எள் இருக்கும். முட்டை தோசை வார்த்த கல்லிலேயே அடுத்த தோசையும் வேகும்; இறால் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கும் பொரியும். சுத்திகரித்த கடலையெண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, செக்கெண்ணெயில் இருக்கும். வறுத்தாலும் நிலக்கடலையின் ஒவ்வாமைத் தன்மை குறைவதில்லை. கையில் ஒட்டிய கடலைப் புரதம் சானிட்டைசருக்குப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பொட்டல உணவுகளில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே குறிப்பிட வேண்டும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை. பால், முட்டை, மீன், நிலக்கடலை எல்லாம் அதில் உண்டு, எள் இல்லை. ஆகவே சேர்மானப் பட்டியலையும் முழுதாகப் படிக்க வேண்டும். மிட்டாய்க் கடையில் எடைபோட்டுத் தரும் இனிப்புக்கு அந்தப் பட்டியலும் கிடையாது.

எவ்வளவு காத்தாலும் ஒருநாள் தவறும். அதனால் அவசரத்துக்கான ஏற்பாடே முதன்மையானது. குரல் கரகரப்பு, விடாத இருமல், இழுப்பு, நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வெளிறித் துவண்டுபோதல் ஆகியவை அபாய அறிகுறிகள். தோலில் தடிப்பே இல்லாமலும் இவை வரலாம். உணவால் நேர்ந்த உயிரிழப்புகளைப் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, மூச்சோ இதயமோ நிற்க எடுத்த நேரம் சராசரியாக 30 நிமிடங்கள்தான் என்று தெரிந்தது. இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். செட்ரிசின் போன்ற மாத்திரைகள் அரிப்பைத் தணிக்கும், மூச்சைக் காக்காது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் அடிக்கடி நேரும் பிழை.

மேலைநாடுகளில் கிடைக்கும் தானியங்கி ஊசி இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. எனவே மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் எழுதித் தந்து, போடும் முறையைக் கற்றுத்தருமாறு மருத்துவரிடம் பெற்றோர் கேட்கலாம். ஊசி போட்டதும் 108-ஐ அழைத்து, குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், ஆனால் எழுந்து நடக்க விடக்கூடாது. குணம் தெரியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறு ஊசி தேவைப்படலாம். குழந்தை தேறிவிட்டாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அறிகுறிகள் மீண்டும் தலைகாட்டக்கூடும்.

பள்ளியில் வகுப்பாசிரியரோடு உடற்பயிற்சி ஆசிரியர், வேன் ஓட்டுநர், சத்துணவு பரிமாறுபவர் எல்லோருக்கும் குழந்தையின் ஒவ்வாமை தெரிந்திருக்க வேண்டும். மருந்து பூட்டிய அலமாரியில் இருந்தால் பயனில்லை. பிறந்தநாள் சாக்லேட்டுக்கு மாற்றாக அந்தக் குழந்தைக்கென்று ஒரு டப்பாவை வகுப்பிலேயே வைத்திருக்கலாம்.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலோருக்கு வளர வளர மறையும். நிலக்கடலை ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே மறைகிறது. அதனால் அவ்வப்போது மறுபரிசோதனை தேவை. லண்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, 4 முதல் 11 மாதங்களுக்குள் நிலக்கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து தந்தால் அந்த ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைவதைக் காட்டியது. இது இன்னும் ஒவ்வாமை வராத குழந்தைகளுக்கான வழி. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் 'கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்' என்பதை மருத்துவமனைக்கு வெளியே யாரும் செய்யக்கூடாது.