அம்பேத்கர் பெயரில் புள்ளி மறையலாமா?

ஏப்ரல் 14 நெருங்கினால் நம் தெருக்களில் முதலில் தொடங்குவது பேனர் வேலைதான். வசூல் பணத்தை எடுத்துக்கொண்டு நான்கைந்து இளைஞர்கள் நகரத்து பிளெக்ஸ் கடைக்குப் போவார்கள். அங்கே ஏற்கெனவே கூட்டம் நிற்கும். கணினி முன் இருப்பவர் பழைய மாதிரி ஒன்றைத் திறந்து, பெயர்களை மட்டும் மாற்றி, அவசரமாக அச்சுக்கு அனுப்பிவிடுவார். ஊருக்குக் கொண்டுவந்து கட்டிய பிறகுதான் குறை தெரியும். நீலப் பின்னணியில் அண்ணலின் நீலக் கோட்டு கரைந்து முகம் மட்டும் மிதக்கும். பெயரில் புள்ளிகள் தேய்ந்து, தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு ‘அமபேதகர’ என்று தெரியும்.

இந்த இரண்டு குறைகளும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. உருவத்தைச் சுற்றிப் போட வேண்டிய வெளிக்கோடு சரியாக விழவில்லை. கடைகளில் இதை ‘அவுட்லைன்’, ‘பார்டர்’ என்பார்கள். கோரல்டிரா மென்பொருளில் ‘கான்டூர்’ என்றும், இல்லஸ்ட்ரேட்டரில் ‘ஆப்செட் பாத்’ என்றும் பெயர். அச்சகத்து ஆப்செட் எந்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓர் உருவத்தின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவு தள்ளி, அதே வடிவில் இன்னொரு கோடு வரைவதே ஆப்செட்.

புள்ளி ஏன் மறைகிறது? எழுத்தின் விளிம்பையே தடிமனாக்கினால், அந்தத் தடிமனில் பாதி வெளியே போகும். மீதிப் பாதி எழுத்துக்குள் புகுந்து அதைத் தின்னும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இதை ஓரளவு தாங்கும். தமிழில் அப்படியில்லை. ம், த், ர் ஆகியவற்றின் தலையில் உள்ள புள்ளி சிறியது. ண, ழ போன்றவற்றின் சுழியும் இடுக்கானது. பாதிக் கோடு உள்ளே வந்தாலே புள்ளி கரைந்துவிடும், சுழி அடைந்துவிடும். ஆப்செட் முறையில் எழுத்தை யாரும் தொடுவதில்லை. வெளியே தனியாக ஒரு பெரிய வடிவம் உருவாகி, எழுத்துக்குக் கீழே விரிப்பு போலக் கிடக்கும். மேலே எழுத்து முழுசாக இருக்கும்.

இதைச் செய்ய விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. 2003-இல் தொடங்கப்பட்ட இன்க்ஸ்கேப், எவரும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். அதில் பெயரைத் தட்டச்சு செய்ததும் முதலில் ஒரு நகல் எடுத்து ஓரமாக வையுங்கள். எழுத்துப்பிழை திருத்த அது உதவும். அடுத்து ‘பாத்’ பட்டியலில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் எழுத்து, படமாக மாறும். குழுவாக இருப்பதைப் பிரித்து, ‘யூனியன்’ கொடுத்து ஒன்றாக்குங்கள். பிறகு ‘லிங்க்டு ஆப்செட்’. நோடு கருவியில் தெரியும் சிறு கைப்பிடியை வெளியே இழுத்தால் வெளிக்கோடு விரியும். அதற்கு வெள்ளை நிறம் தந்து எழுத்துக்குக் கீழே அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

புகைப்படத்துக்கு ஜிம்ப் என்ற மென்பொருள் போதும். அதுவும் இலவசம்தான். அண்ணலின் படத்தைப் பின்னணி இல்லாமல் வெட்டி எடுத்து, ‘ஆல்ஃபா டு செலக்‌ஷன்’ கொடுங்கள். ‘செலக்ட்’ பட்டியலில் ‘குரோ’ என்பதைத் தேர்ந்து, எத்தனை பிக்சல் விரிய வேண்டும் என்று எண் கொடுங்கள். கீழே புதிய லேயர் ஒன்று வைத்து அந்தப் பகுதியை வெள்ளையால் நிரப்பினால், நீலக் கோட்டுக்கும் நீலப் பின்னணிக்கும் நடுவே வெளிச்சமான விளிம்பு நிற்கும். போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் ‘ஸ்ட்ரோக்’ அமைப்பில் ‘அவுட்சைடு’ என்பதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

அளவிலும் கவனம் வேண்டும். பத்து அடி பேனரைப் பத்தில் ஒரு பங்காக, 12 அங்குலத்தில் வடிவமைத்தால், கோப்பில் 1 மில்லிமீட்டர் உள்ள கோடு பேனரில் 1 சென்டிமீட்டராகும். தமிழ் எழுத்தின் வளைவுகளுக்குக் கூர்முனையைவிட உருண்ட முனையே பொருந்தும். கடைக்குக் கோப்பை அனுப்பும் முன் எழுத்தைப் படமாக மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால், அந்தக் கணினியில் நம் எழுத்துரு இல்லாதபோது பெயரே உருக்குலையும்.

ஒரு கோட்டுக்கு இத்தனை பேச்சா என்று சிலர் கேட்கலாம். ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அண்ணல் 1920-இல் மராத்தியில் ‘மூக்நாயக்’ கண்டார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அச்செழுத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அந்த அச்செழுத்து கணினியில் இருக்கிறது. நம் தலைவர்களின் பெயரும் முகமும் எப்படித் தெரிய வேண்டும் என்பதை, அவர்களைப் படித்த பிள்ளைகள் அல்லவா முடிவு செய்ய வேண்டும்?

இதில் பிழைப்பும் இருக்கிறது. சுவரொட்டி, திருமண அழைப்பிதழ், வண்டி ஸ்டிக்கர், கடைப் பெயர்ப்பலகை என எல்லாவற்றுக்கும் இந்த வேலை தேவைப்படுகிறது. ஸ்டிக்கர் வெட்டும் எந்திரம் எந்த வழியாக வெட்ட வேண்டும் என்று காட்டுவதும் இதே ஆப்செட் கோடுதான். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. இயங்கும் நிலையில் இருந்தால் கற்றுக்கொள்ள அதுவே போதும். தொழிலாகச் செய்ய விரும்பும் தம்பி, தங்கைகள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் திறன் பயிற்சி, மானியத்துடன் கூடிய கடன் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

பேனர் கட்ட முன் அனுமதி கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம். அனுமதி கிடைக்காத இடத்தில் துண்டறிக்கையும் சுவரொட்டியும் இருக்கவே இருக்கின்றன. வரும் டிசம்பர் 6 நினைவு நாளுக்கான சுவரொட்டியை நம் தெருப் பிள்ளைகளே வடிவமைக்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சிறு தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, பத்தடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள். அண்ணலின் பெயரில் மூன்று புள்ளிகளும் தெரிந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்.