இரைப்பையில் இரு கையொப்பம்

அண்மையில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு நாம் எமரால்டு சென்றிருந்தோம். பசுந்தேயிலை நிறுத்துக் கொடுக்க வந்த அங்கத்தினர் ஒருவர், பெட்டிக்கடையில் வாங்கிய வலி மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினார். "இடுப்புவலி தீருகிறது ஐயா, வயிறுதான் எரிகிறது" என்றார். அவ்வெரிச்சலின் காரணத்தை அங்கத்தினர் யாவரும் அறிதல் நலம்.

பருப்பிலும் இறைச்சியிலும் உள்ள புரதத்தைச் சிதைப்பது பெப்சின் என்னும் செரிமானப் பொருள். 1836-இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்வான் இதனைக் கண்டறிந்தார். இரைப்பையின் சுவரிலும் புரதம் உண்டன்றோ? பெப்சின் அதனை ஏன் தின்றுவிடவில்லை?

நம் சங்கத்தில் ஒருவர் மட்டும் கையொப்பமிட்ட காசோலை பணமாவதில்லை. இரைப்பையிலும் அதுவே விதி. உட்சுவரின் சுரப்பிகள் பெப்சினோஜன் என்னும் செயலற்ற பொருளையே வெளியிடுகின்றன. வேறு உயிரணுக்கள் சுரக்கும் அமிலம் பட்ட பின்னரே அது பெப்சினாகிறது. உணவின் மணமும் சுவையும் நரம்பு வழியே சுரப்பைத் தூண்டும். உணவு சேர்ந்ததும் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் அமிலத்தைப் பெருக்கும். அமிலம் மிகுந்தால் சோமாட்டோஸ்டாட்டின் அதனை அடக்கும். இவற்றினின்று சுவரைக் காப்பது காரத்தன்மையுள்ள சளிப்படலம்.

ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இக்காவலையே குலைக்கின்றன. படலத்தைப் பேணும் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதை அவை தடுப்பதால், அமிலமும் பெப்சினும் சுவரை அரித்துப் புண்ணாக்குகின்றன. உணவுக்குப் பின் விழுங்கினும் இவ்வபாயம் முற்றும் நீங்காது.

வயிற்றுப்புண் நமக்குப் புதிதன்று. 1922, 1924 எவரெஸ்ட் குழுக்களில் இடம்பெற்ற டாக்டர் சாமர்வெல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் இந்நோய்க்காக ஏராளமான அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அக்காலத்தில் அறியப்படாத காரணமொன்றும் உண்டு. 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கண்டனர். பல புண்களுக்கு அதுவே காரணமெனத் தெளிவாகி, 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெரும்பாலான புண்கள் கத்தியின்றி மருந்தாலேயே ஆறுகின்றன.

ஆகவே, தறிக்குழியில் அமரும் நெசவாளரும் கொழுந்து பறிக்கும் விவசாயியும் வலி மாத்திரையைத் தாமே கடையில் வாங்கி நாள்தோறும் உண்ணலாகாது. இருதய நோய்க்கு மருத்துவர் தந்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தவும் கூடாது. எரிச்சல் கண்டால் அவரிடமே கூறுக. இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, அக்கணமே மருத்துவமனை செல்க.

எமரால்டு அங்கத்தினரிடமும் இவற்றையே கூறி, மருத்துவரைக் காணுமாறு வற்புறுத்தினோம். சங்கப் பணத்தைக் காக்கும் விழிப்பை நம் வயிற்றின்பாலும் செலுத்துவோமாக.