கட்டைக் குரல்

பெண் பாடினால் குயில் கூவுவது போல் இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். எங்கள் வகுப்பில் கட்டைக் குரல் உடைய தோழி ஒருத்தி இருக்கிறாள். பாடற் குழுவுக்குப் பெயர் கொடுக்க அவள் எழுந்தபோது நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். பாடகி உஷா உதூப்பைப் பற்றிப் படித்த பின்பு அந்தச் சிரிப்பு எங்களை உறுத்துகிறது.

இவர் 1947 நவம்பர் 7-ஆம் நாள் பம்பாயில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் காவல்துறை அதிகாரி. எங்களைப் போல் இவரும் கான்வென்ட் மாணவியே. குரல் மற்றவர்களோடு சேரவில்லை என்று பாட்டு வகுப்பிலிருந்து அனுப்பப்பட்டார். ஆயினும் இவரிடம் இசை உண்டு என்று உணர்ந்த ஆசிரியை, தாளக்கட்டையும் டிரையாங்கிளும் வாசிக்கக் கொடுத்தாராம். முறையான சங்கீதப் பயிற்சி இவருக்கு இல்லை. வீட்டு வானொலியே குரு.

குரல் கனத்திருப்பது குறையன்று. நம் குரல்வளையிலுள்ள குரல் நாண்கள் நீண்டு தடித்திருந்தால் மெதுவாக அதிரும்; அப்போது சுருதி தாழ்ந்து ஒலிக்கும். வீணையின் தடித்த தந்தி தாழ்ந்து ஒலிப்பதும் இப்படித்தான். மேல்நாட்டு இசையில் பெண்களின் தாழ்ந்த குரலுக்குக் 'காண்ட்ரால்டோ' என்று தனிப் பெயரே உண்டு. ஜாஸ் பாட்டுக்கு அது மிகவும் எடுப்பாக இருக்கும்.

1960-களின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் இவர் பாடத் தொடங்கினார். (சிஸ்டர்கள் முகம் சுளிக்க வேண்டாம்! சேலை உடுத்தித்தான் பாடினார்.) 1969-இல் கல்கத்தா பார்க் தெருவிலுள்ள 'டிரிங்காஸ்' உணவகத்தில் பாடிப் புகழ் பெற்றார். 1975-இல் 'மேல்நாட்டு மருமகள்' என்ற தமிழ்ப் படத்திலும் பாடினார். 1980-களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர், இவருடைய பாட்டு பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று அரசு அரங்குகளின் கதவை அடைத்தார். இவர் அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. வழக்குத் தொடர்ந்து வென்றார்.

2011-இல் பத்மஸ்ரீ. 2012-இல், 64-ஆம் வயதில், 'டார்லிங்' என்ற இந்திப் பாட்டுக்காக ரேகா பரத்வாஜுடன் சேர்ந்து பிலிம்பேர் விருது. 2024-இல் பத்மபூஷண். பாட்டு வகுப்பில் இடம் கிடைக்காத அதே குரலுக்குத்தான் இத்தனையும்!

எங்கள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். பாடற் குழுப் பட்டியலில் அவள் பெயரை எழுதட்டுமா என்றும் கேட்டிருக்கிறோம். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.