கிணற்றுநீர்: எது பிரியும், எது பிரியாது

குருநகரில் நெடுநாள் பாவிக்காத வளவுக் கிணற்றை இயந்திரம் வைத்து ஒரேயடியாக வற்ற இறைக்க வேண்டாம். ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம். கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். இந்தச் சிறு வித்தியாசத்தால்தான் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலுள்ளதை வேகமாக எடுத்தால் கீழிருந்து உவர் ஏறும். பிறகு மாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வாளியால், இடைவெளி விட்டு இறையுங்கள்.

அள்ளிய நீரில் மண் பாரமானது. ஓரிரவு வைத்தால் அடியில் படியும். தூசி, மடித்த பருத்தித் துணியில் தங்கும். கிருமிகள் துணியைக் கடந்துவிடும். அவற்றைக் கொல்லக் கொதிக்க வையுங்கள். உப்போ கரைந்திருப்பது. படியாது, துணியிலும் தங்காது. கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகும். உப்பு பானையிலேயே நின்று சவர் கூடும். ஆகவே சவர்க் கிணற்றைக் குளிக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் குழந்தைக்குப் பால்மா கரைக்கவும் பவுசர் நீரையோ குழாய்நீரையோ எடுத்துக் கொதிக்கவைத்து ஆற்றிப் பாவியுங்கள்.