மெத்தப் படித்தவர் யார்?

'அவர் மெத்தப் படித்தவர்' என்று ஒருவரை அறிமுகப்படுத்தும்போது, அவரது பெயருக்குப் பின்னால் உள்ள பட்டங்களையே நாம் எண்ணுகிறோம். தமிழகத்தில் பட்டங்களுக்குக் குறைவில்லை. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, 18 முதல் 23 வயது வரையிலானோரில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் தேசிய அளவில் 28.4 சதவீதம், தமிழகத்தில் 47 சதவீதம். பெருமைக்குரிய வளர்ச்சிதான். ஆனால், பட்டம் பெற்றதாலேயே ஒருவர் மெத்தப் படித்தவர் ஆகிவிடுவாரா?

இக்கேள்விக்கு விடை தேட, கடலூரை ஒட்டியுள்ள குடிகாடு கிராமத்துக்குச் செல்லலாம். கடலூர் - சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி 1980-களில் உருவான சிப்காட் தொழிற்பேட்டையின் அண்டை ஊர் அது. சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி எனப் பல வேதித் தொழிற்சாலைகள் அங்கே எழுந்தன. இரவில் வீசும் துர்நாற்றமும் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் சுற்றுவட்டார மக்களின் அன்றாட வாழ்க்கையாயின. ஆனால், 'நாற்றம் தாங்க முடியவில்லை' என்ற புகார் மட்டும் எந்த அலுவலகத்திலும் எடுபடாது. என்ன வாயு, எவ்வளவு, எப்போது என்ற வினாக்களுக்கு விடை வேண்டும்.

2004-ஆம் ஆண்டில் அந்த விடையைத் தேடும் பொறுப்பை மக்களே ஏற்றனர். 'சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்ற குழு உருவானது. முதலில் அவர்கள் கற்றது, மூக்கை அளவுகோலாக்கும் வித்தை. அழுகிய முட்டை போன்ற நெடி ஹைட்ரஜன் சல்பைடைச் சுட்டும். அழுகிய முட்டைக்கோஸ் நெடி மெர்காப்டனைச் சுட்டும். நெடி எப்படிப்பட்டது, எந்த நேரத்தில் வந்தது, காற்று எத்திசையிலிருந்து வீசியது, உடலில் என்ன உபாதை ஏற்பட்டது என்று குறித்துவைத்தனர்.

அடுத்து வந்தது, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1990-களில் உருவான 'வாளி' முறை. மூடியிட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. அதனுள்ளே வேதிவினை புரியாத பொருளாலான ஒரு பை. வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறிய பம்பு கொண்டு வெளியேற்றினால், வெளிக்காற்று பைக்குள் நிறையும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வாறு எடுத்த மாதிரிகளில் 22 வேதிப்பொருள்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் எட்டு, புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை.

உச்சநீதிமன்றம் அமைத்த அபாயகரக் கழிவுகள் கண்காணிப்புக் குழு அதே ஆண்டில் கடலூருக்கு வந்தது. இப்பகுதி மக்களுக்குப் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு அதிகம் என்று, தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான 'நீரி'யின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு எச்சரித்தது. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளிகள் பெற்றது. 70-ஐத் தாண்டினாலே அது 'மிகக் கடுமையாக மாசடைந்த' பகுதி. தேசிய காற்றுத் தர நிர்ணயப் பட்டியலில் பென்சீன் இடம்பெற்றதும் அதே 2009-இல்தான். காற்றில் நஞ்சு உண்டா என்ற கேள்வியை, அரசின் பட்டியல் விரிவடைவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே கிராமத்தினர் எழுப்பிவிட்டனர்.

இதிலிருந்து 'பட்டம் வீண்' என்ற முடிவுக்கு வருவது பிழை. அந்தப் பைகளைப் பகுத்தாய்ந்தவர்கள் வேதியியல் கற்றவர்களே. ஆய்வகம் இல்லையேல் மக்களின் அனுபவம் வெறும் புகாராகவே நின்றிருக்கும். மக்கள் இல்லையேல் ஆய்வகத்துக்குக் காற்றே வந்திருக்காது. அப்படியானால், கல்வியின் உயர்வை எதைக்கொண்டு அளப்பது?

வள்ளுவர் 'கல்வி'க்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்கவில்லை. 'கேள்வி'க்கும் 'அறிவுடைமை'க்கும் தனித்தனி அதிகாரங்கள் தந்தார். படிப்பது ஒன்று, பிறர் சொல்வதைச் செவிமடுப்பது மற்றொன்று, இரண்டையும் கொண்டு மெய்யை உணர்வது வேறொன்று என்பதை அந்த வரிசை உணர்த்துகிறது. குடிகாடும் அதன் அண்டை ஊர்களும் காட்டியதும் இதுவே. கூர்ந்து கவனிப்பது, ஒழுங்காகக் குறித்துவைப்பது, தன் எண்ணத்தைச் சோதனைக்கு உட்படுத்துவது, சோதனை எதைச் சொன்னாலும் ஏற்பது. இந்நான்கும் கைவந்தவர், பள்ளிப் படிப்போடு நின்றவராயினும் கற்றவரே. தன் துறைக்கு வெளியிலிருந்து வரும் சாட்சியத்தை, 'உனக்கென்ன தெரியும்?' என்று ஒதுக்குபவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும், அவர் கல்வி பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள்.

கடலூரிலிருந்து அதே சாலையில் தெற்கே சென்றால், 1929-இல் நிறுவப்பட்ட சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கும் தமிழகத்தின் பிற வளாகங்களிலும் ஆண்டுதோறும் பட்டம் பெறுவோர், நாளை ஓர் ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ அமர்வார்கள். ஒரு நாள் எளிய மனிதர் ஒருவர், கையில் குறிப்பேட்டுடன் அவர்கள் முன் வந்து நிற்பார். அவரை உட்காரவைத்து, அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் படிக்கிறார்களா என்பதே அவர்களுக்கான உண்மையான தேர்வு. அதில் தேறுபவரே மெத்தப் படித்தவர்.