வளைவுக்கு முன்பே பிரேக் ஏன்?

இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய ட்ராக்குக்குப் புதிதாக வருபவர்கள் பலர் நேர்ப்பாதையில் பறந்துவிட்டு, வளைவுக்குள் போன பிறகுதான் பிரேக்கைத் தேடுவார்கள். வண்டி அங்கேதான் சுழலும். ஏன்? டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கே செலவழித்தால் வளைவில் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. போதாததற்கு, பிரேக் அழுத்தியதும் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்டயர்கள் லேசாகி வழுக்குகின்றன. வேகம் இருமடங்கானால், அதே வளைவில் திரும்பத் தேவையான விசை நான்கு மடங்கு!

ஆகவே ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். வெளிவிளிம்பில் தொடங்கி, உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியே வாருங்கள். பாதையின் ஆரம் பெரிதாகி, அதே பிடிமானத்தில் கூடுதல் வேகம் கிடைக்கும். திரும்பிக்கொண்டே பிரேக்கை மெல்ல விடும் வித்தையெல்லாம் பிறகு. எஞ்சினை மாற்றக் காசு சேர்ப்பவர்களே, முதலில் பிரேக் மிதியைப் பழகுங்கள்.