விண்கலத்துக்குள் ஒரு மூளை – 9
தூங்கிப்போன காரியதரிசி

1998 அக்டோபரில் அயனி எஞ்சினோடு கிளம்பிய நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 கலத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். டீப் ஸ்பேஸ் 1ஐத் தானாக இயக்கிய ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருள் வழியை மறித்துவிட்டது.

நாசாவின் ஏம்ஸ் மையமும் ஜேபிஎல் ஆய்வகமும் சேர்ந்து எழுதிய அந்த மென்பொருளுக்குள் மூன்று பேர். ஒருவர் திட்டம் தீட்டுவார். இன்னொருவர் அதை நிறைவேற்றும் காரியதரிசி. மூன்றாமவர் கலத்தில் எது பழுது என்று கண்டுபிடிக்கும் லிவிங்ஸ்டன். ஆப்பிரிக்காவைச் சுற்றிய டேவிட் லிவிங்ஸ்டன் பெயர்தான். அவர் பயணி மட்டுமல்ல, வைத்தியரும்கூட. பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்.

1999 மே 17 அன்று சோதனையாகக் கலத்தை இவர்களிடம் ஒப்படைத்தார்கள். பூமியிலிருந்து சுமார் 10 கோடி கிலோமீட்டர். ஒரு சேதி போய்ச்சேரவே ஐந்தரை நிமிடம். மறுநாள் காலை, நிறுத்தியிருக்கவேண்டிய எஞ்சினை ஏஜென்ட் நிறுத்தவில்லை. சோதனையை இடையில் நிறுத்தினார்கள்.

என்ன நடந்தது? தபால்காரர் வந்தாரா என்று வாசலை எட்டிப் பார்க்கிறீர்கள், யாருமில்லை. ‘மணி அடித்தால் எழுந்துகொள்ளலாம்’ என்று படுக்கப் போகிறீர்கள். நீங்கள் திரும்பி நடக்கும் அந்த நொடியில் அவர் மணியடித்துவிட்டுப் போய்விடுகிறார். அது காதில் விழவில்லை. இனி அடிக்கப்போகாத மணிக்காகக் காத்துக்கொண்டு தூங்குகிறீர்கள். காரியதரிசி செய்தது அதுதான். பார்ப்பதும் படுப்பதும் இடைவெளியில்லாமல் ஒன்றாக நடக்கும்படி அந்த இடத்தில் எழுதியிருக்கவேண்டும், எழுதவில்லை. தரையில் நடந்த சோதனைகளில் ஒரு தடவைகூட இது தலைகாட்டவில்லை.

என்னைத் தூங்கவிடாத சங்கதி இனிமேல்தான். 1997லேயே ஏம்ஸில் ஒரு குழு, ஸ்பின் என்ற கருவியால் காரியதரிசியின் ஒரு பகுதியை அலசியிருந்தது. நிகழ்வுகள் எந்தெந்த வரிசையில் நடக்கக்கூடுமோ அத்தனையையும் ஒன்றுவிடாமல் நடந்து பார்க்கும் கருவி அது. ஐந்து பிழைகள் சிக்கின. அதில் ஒன்று, அச்சு அசலாக இதே ரகம்! அங்கே திருத்தினார்கள். அதே ஓட்டை, யாரும் அலசாத வேறொரு பகுதியில் உட்கார்ந்திருந்தது. விண்வெளியில் சிக்கல் வந்தபிறகு, காரணத்தைச் சொல்லாமல் அந்த நிரலைக் கொடுத்தபோது, ஒரு வார இறுதிக்குள் இவர்கள் பிழையைப் பிடித்துவிட்டார்கள். முழுக்க அலசியிருந்தால் மே 18ன் கலவரமே இருந்திருக்காது என்பது என் கட்சி.

பொறியாளர்கள் திருத்தம்கூட அனுப்பவில்லை. மறுபடி நேர வாய்ப்பு மிகக் குறைவு என்று கணக்குப் போட்டு, மே 21 அன்று சுருக்கமான ஒரு திட்டத்தோடு ஏஜென்டை மீண்டும் எழுப்பினார்கள். வேண்டுமென்றே போலிப் பழுதுகளையும் கொடுத்தார்கள். பேச்சை நிறுத்திய மின்னணுப் பெட்டியை அது உசுப்பி எழுப்பியது. பொய் சொன்ன உணரியை நம்ப மறுத்தது. திறக்காத உந்துவிசைக்குழாய்க்கு மாற்றுவழி தேடிக்கொண்டது. சோதனையின் இலக்குகள் அத்தனையும் நிறைவேறின.

துணிச்சல்தான். ஆனால் தெரிந்த ஓட்டையை அடைக்காமல் ஓட்டிய அந்த முடிவு எனக்கு இன்னும் ஒப்பவில்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது, எழுதுங்கள். டார்ம்ஷ்டாட்டும், மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் நினைவகம் நிரம்பி வழியாமல் பார்த்துக்கொண்ட இத்தாலிய மென்பொருளும் அடுத்த வாரம்.